எந்த ட்ரெண்ட், எதற்கு?

புதிதாக ஸ்காடா போடும் ஆலைகளில், ஆலையைப் படமாகக் காட்டும் மிமிக் பக்கங்களுக்கு மாதக்கணக்கில் விவாதம் நடக்கும். பம்ப் ஓடும்போது பச்சையா சிவப்பா என்பதற்குக்கூட தனிக் கூட்டம் போடுவார்கள். ட்ரெண்ட் பக்கம் மட்டும் கமிஷனிங்கின் கடைசி வாரம்வரை தள்ளிப்போய், மென்பொருள் எப்படித் தந்ததோ அப்படியே விடப்படும்: பத்து நிமிட அகலம், எட்டு பென் (கோடு), தானாக மாறிக்கொள்ளும் ஸ்கேல். ஆலை ஓட ஆரம்பித்த பிறகோ ஆபரேட்டர் அதிகம் நம்பியிருக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான். மிமிக்கில் உள்ள எண் இந்த நொடியின் நிலவரத்தைச் சொல்லும். அது ஏறுகிறதா இறங்குகிறதா, எவ்வளவு வேகத்தில், எதைத் தொடர்ந்து என்பதையெல்லாம் கோடு ஒன்றுதான் காட்டும்.

ட்ரெண்டை அமைக்க உட்காரும் எஞ்சினியரிடம் நான் முதலில் கேட்பது மென்பொருளின் பெயரை அல்ல. இந்தக் கோட்டை யார் பார்க்கப் போகிறார், என்ன கேள்வியோடு பார்க்கப் போகிறார் என்றுதான் கேட்பேன். ஆலையில் கேள்விகள் மூன்று வகை. போர்டில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்கு, “இது எங்கே போய்க்கொண்டிருக்கிறது, நான் இப்போது கை வைக்க வேண்டுமா?” என்று தெரிய வேண்டும். காலையில் வரும் இன்ஸ்ட்ருமென்ட் எஞ்சினியருக்கு, “ராத்திரி ஏன் டிரிப் ஆனது?” என்று தெரிய வேண்டும். ப்ராசஸ் எஞ்சினியருக்கு, மூன்று மாதமாக எது மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒரே ட்ரெண்ட் பக்கம் பதில் தராது. கால அகலம், ஸ்கேல், பென்களின் சேர்க்கை, தரவைச் சேமிக்கும் முறை எல்லாமே கேள்விக்குக் கேள்வி மாறும். கீழே வரும் ஒவ்வொரு தேர்விலும் இந்த மூவரை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

ரியல்-டைமா, ஹிஸ்டாரிக்கலா?

பல ஸ்காடா மென்பொருள்கள் இரண்டையும் தனித்தனிப் பொருளாகத் தருகின்றன. ரியல்-டைம் ட்ரெண்ட் நினைவகத்தில் உள்ள மதிப்புகளை எடுத்து ஓட்டிக்கொண்டே போகும். ஹிஸ்டாரிக்கல் ட்ரெண்ட் டிஸ்க்கில் பதிவானதை எடுத்துக் காட்டும். எளிமையான ரியல்-டைம் ட்ரெண்டில் ஒரு பெரிய குறை உண்டு. பக்கத்தைத் திறந்த நொடியில் அது வெற்றாக இருக்கும். கோடு அங்கிருந்துதான் வளரத் தொடங்கும். அலாரம் அடித்ததும் ஆபரேட்டர் அந்தப் பக்கத்துக்கு ஓடுகிறார் என்று வையுங்கள். அவருக்கு வேண்டியது அலாரத்துக்கு முந்தைய இருபது நிமிடம். கிடைப்பது வெற்றுத் திரை.

எனவே என் பரிந்துரை ஒன்றுதான்: திறக்கும்போதே பின்பக்கத்தை ஹிஸ்டரியிலிருந்து நிரப்பிக்கொண்டு, முன்பக்கத்தை நேரலையாகத் தொடரும் ட்ரெண்டை எடுங்கள். இன்றைய மென்பொருள்களில் பெரும்பாலானவற்றில் இது முடியும். ஆனால் பலவற்றில் அதற்கான ஆப்ஷனை யாராவது தேடிப்போய் டிக் செய்தாக வேண்டும். தனி ரியல்-டைம் ட்ரெண்ட் பொருத்தமாக இருப்பது லூப் ட்யூனிங்கின்போது மட்டும்தான். அங்கே எஞ்சினியர் தானே செட்பாயிண்டை அசைத்துவிட்டு அடுத்த இரண்டு நிமிடத்தைக் கவனிக்கிறார். பழைய கதை அவருக்குத் தேவைப்படாது.

கால அகலம்

பத்து நிமிடம் என்பது யாருக்கும் பொருந்தாத அளவு என்றே சொல்வேன். ஃப்ளோ லூப்புக்கு அது அதிகம். உலை வெப்பநிலைக்கு ஒன்றுமே தெரியாத அளவுக்குக் குறைவு. ப்ராசஸ் ஒரு மாற்றத்துக்கு முழுதாகப் பதில் தர எவ்வளவு நேரம் எடுக்கிறதோ, அதைப்போல் ஐந்தாறு மடங்கு அகலம் வைத்தால் ஆபரேட்டரின் கேள்விக்குச் சரியாக இருக்கும். வால்வைத் திறந்த அரை நிமிடத்தில் நிலைக்கும் ஃப்ளோவுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். நாற்பது நிமிடம் எடுத்துச் சூடேறும் டேங்குக்கு நான்கு மணி நேரம் வேண்டும்.

ஷிப்ட் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். எட்டு மணி நேர அகலத்தில் ஒரு ட்ரெண்ட் தயாராக இருந்தால், ஷிப்ட் மாறும்போது வருகிறவரும் போகிறவரும் அதன் முன்னால் நின்று பேச முடியும். லாக் புக்கில் மணிக்கு ஒரு எண்ணாக எழுதியதைவிட அது எவ்வளவோ கூடுதலாகச் சொல்லும்.

மூன்றாவது கேள்விக்கு வாரங்களும் மாதங்களும் வேண்டும். இதற்கு ஆர்.ஓ. பிளான்ட்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. சென்னைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கித் தரும் மீஞ்சூர், நெம்மேலி நிலையங்களானாலும், திருப்பூரில் சாயக்கழிவு நீரை மீட்டெடுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களானாலும், மெம்பரேன் ஒரே நாளில் அடைத்துக்கொள்வதில்லை. டிஃபரென்ஷியல் பிரஷர் நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏறும். எட்டு மணி நேர ட்ரெண்டில் அது படுத்த கோடு. அறுபது நாள் ட்ரெண்டில் தெளிவான ஏறுபாதை. நிலையான தொடக்க அளவைவிட டிஃபரென்ஷியல் பிரஷர் ஏறக்குறைய 15 சதவீதம் ஏறினாலோ, திருத்திய பெர்மியேட் ஃப்ளோ 10 சதவீதம் குறைந்தாலோ கெமிக்கல் கிளீனிங் செய்ய வேண்டும் என்பது மெம்பரேன் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. அதைத் தாண்டிவிட்டால் கழுவினாலும் பழைய நிலை முழுதாகத் திரும்பாது.

“திருத்திய” என்ற சொல்லைக் கவனியுங்கள். தண்ணீரின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தாலே பெர்மியேட் ஃப்ளோ சுமார் 3 சதவீதம் குறையும். மார்கழிக் குளிரில் மீட்டர் காட்டும் நேரடி ஃப்ளோவை ட்ரெண்ட் போட்டால் மெம்பரேன் அடைத்துவிட்டதாகத் தோன்றும். சித்திரையில் தானாகக் குணமானதாகத் தோன்றும். இரண்டும் பொய். வெப்பநிலை, அழுத்தம், உப்பின் அளவு மூன்றுக்கும் திருத்தம் செய்த கணக்கீட்டு டேக் ஒன்றை உருவாக்கி, அதைத்தான் நீண்ட ட்ரெண்டில் போட வேண்டும். அந்தக் கணக்கை எக்செலில் மாதத்துக்கு ஒருமுறை செய்யும் ஆலைகள் பல. ஸ்காடாவிலேயே செய்தால் கோடு தினமும் கண்ணில் படும்.

எந்தெந்த பென் ஒன்றாக இருக்க வேண்டும்?

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2005 மார்ச் 23. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டெக்சஸ் சிட்டியில் இருந்த பிபி சுத்திகரிப்பு ஆலை. ராஃபினேட் ஸ்பிளிட்டர் என்ற 170 அடி உயரக் கோபுரத்தை மீண்டும் இயக்கத் தொடங்கியிருந்தார்கள். உள்ளே திரவம் போய்க்கொண்டே இருந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேலாக வெளியே எதுவும் எடுக்கப்படவில்லை. லெவல் டிரான்ஸ்மிட்டரோ கோபுரத்தின் அடியில் உள்ள சில அடிகளை மட்டுமே அளக்கக்கூடியது. திரவம் அந்த எல்லையைத் தாண்டி எங்கேயோ போய்விட்ட பிறகும், திரையில் லெவல் 97 சதவீதத்திலிருந்து மெல்ல இறங்கி 78 சதவீதமானது. பார்த்தவர்களுக்கு நிலைமை சீராகிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றியிருக்கும். உண்மையில் திரவம் 158 அடி உயரத்தில் நின்றது. பிறகு பொங்கி வழிந்து, ஆவி மேகமாகித் தீப்பிடித்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள்.

விசாரணை நடத்திய அமெரிக்க கெமிக்கல் சேஃப்டி போர்டு பல காரணங்களைச் சொன்னது: சோர்வு, பழுதான கருவிகள், செலவுக் குறைப்பு, நிர்வாகத்தின் அலட்சியம். அவற்றுள் ஒன்று நம் வேலைக்கு நேரே வருகிறது. உள்ளே போகும் ஃப்ளோ ஒரு திரையில் இருந்தது. வெளியே போகும் ஃப்ளோ வேறொரு திரையில் இருந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வாய்ப்பே இல்லை. உள்வரவு, வெளியேற்றம், லெவல் என்ற மூன்று பென்னும் ஒரே ட்ரெண்டில் இருந்திருந்தால், முதல் கோடு உயரத்திலும் இரண்டாவது பூஜ்யத்திலும் நிற்க, லெவல் மட்டும் இறங்குவது எப்படி என்று கேட்கத் தோன்றியிருக்கும். விபத்து தவிர்க்கப்பட்டிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியாவது பிறந்திருக்கும்.

ஆகவே பென்களைத் தொகுக்கும்போது டேக் பெயரின் வரிசையிலோ, “எல்லா வெப்பநிலையும் ஒரு பக்கம், எல்லா அழுத்தமும் ஒரு பக்கம்” என்ற முறையிலோ போகாதீர்கள். ஒரு பாத்திரத்துக்கு வருவது, போவது, உள்ளே இருப்பது மூன்றும் ஒரே பக்கம். ஒரு லூப்புக்குச் செட்பாயிண்ட், பிவி (அளந்த மதிப்பு), அவுட்புட் மூன்றும் ஒரே பக்கம். காரணமும் விளைவும் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை.

பாய்லர் டிரம் லெவலை வைத்துப் பார்ப்போம். ஒரு சாயப்பட்டறையில் இரண்டு மூன்று சாஃப்ட்-ஃப்ளோ மெஷின்கள் ஒரே நேரத்தில் ஸ்டீம் கேட்கின்றன. ஸ்டீம் ஃப்ளோ சட்டென்று எகிறும். டிரம்மில் அழுத்தம் விழும். தண்ணீருக்குள் இருக்கும் குமிழிகள் பெருத்து லெவலை மேலே தூக்கும். டிரம்மில் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் லெவல் கோடு ஏறும். லெவலை மட்டும் ட்ரெண்டில் பார்க்கும் ஆபரேட்டர் ஃபீடுவாட்டர் வால்வை மூடத் துணிவார். சில நிமிடத்தில் குமிழி அடங்கி லெவல் கீழே பாயும், லோ-லோ டிரிப். லெவலின் அடியிலேயே ஸ்டீம் ஃப்ளோவும் ஃபீடுவாட்டர் ஃப்ளோவும் ஒரே ஸ்கேலில் வரையப்பட்டிருந்தால், இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இடைவெளி திறப்பது கண்ணில் படும். லெவல் ஏறினாலும் தண்ணீர் போதவில்லை என்பதை அந்த இடைவெளி சொல்லிவிடும். டிரம் பிரஷரை நான்காவது பென்னாகச் சேர்த்தால் படம் முழுமையாகிவிடும்.

வால்வ் ஒட்டிக்கொள்ளும் கோளாறும் இப்படித்தான் பிடிபடும். பிவி மட்டும் தெரிந்தால் ஏதோ அலைகிறது என்று மட்டும் தெரியும். ட்யூனிங்கைக் குறை சொல்லி கெய்னைக் குறைப்பார்கள். அவுட்புட்டையும் கூடவே போட்டால், அவுட்புட் ரம்பப் பல்லாக ஏறி இறங்குவதும், ஃப்ளோ சதுர அலையாகத் தாவுவதும் தெரியும். லூப் ட்யூனிங்கைத் தொடாமல் வால்வின் கிளாண்டையும் பொசிஷனரையும் பாருங்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

எத்தனை பென்? ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் ட்ரெண்டில் நான்குக்கு மேல் நான் வைப்பதில்லை. எட்டு கோடு பின்னிக்கொண்டால் எதன் ஸ்கேல் எது என்று தேடுவதிலேயே அலாரம் முற்றிவிடும். நான்குக்கு மேல் தேவை என்றால் அடுக்கு ட்ரெண்டுக்குப் போங்கள்: ஒரே நேர அச்சு, மேலும் கீழுமாகத் தனித்தனிப் பட்டைகள். அடுக்கில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது. எது முதலில் அசைந்தது என்பது ஒரே செங்குத்துக் கோட்டில் தெரியும். ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டிய, ஒரே அலகில் உள்ள பென்களை ஒன்றன்மேல் ஒன்றாக வரைவது நல்லது. அலகு வேறுபட்டால் அடுக்குதான். பம்ப் ஓடுவது நிற்பது போன்ற டிஜிட்டல் டேக்குகளை அடியில் மெல்லிய பட்டையாக வையுங்கள். பாதிக் கதையை அவைதான் சொல்லும்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஆலை முழுக்கச் செட்பாயிண்டுக்கு ஒரே நிறம், பிவிக்கு ஒரே நிறம். சிவப்பை அலாரத்துக்கு விட்டுவிடுங்கள். ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு–பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. உங்கள் கன்ட்ரோல் ரூமிலும் அப்படி ஒருவர் இருக்கலாம்.

ஸ்கேல்: தானாகவா, நிலையாகவா?

ஆபரேட்டருக்கு நிலையான ஸ்கேல். ஆராய்கிறவருக்குத் தானியங்கி ஸ்கேல். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

தானியங்கி ஸ்கேல் திரையை எப்போதும் நிரப்பிக் காட்டும். வெப்பநிலை 85 டிகிரியில் 0.2 டிகிரி மட்டும் ஆடிக்கொண்டிருந்தாலும், திரையில் மலையும் பள்ளத்தாக்குமாகத் தெரியும். புதிய ஆபரேட்டர் பதறிச் செட்பாயிண்டை அசைப்பார். அதற்கு நேர்மாறாக, டிரான்ஸ்மிட்டர் ஒரு நொடி கோளாறாகி முழு அளவுக்குத் தாவினால், மற்ற கோடுகளெல்லாம் அடியில் நசுங்கி, உண்மையான மாற்றம் மறைந்துவிடும். இதைவிட முக்கியமான இழப்பு ஒன்று உண்டு. நிலையான ஸ்கேலில் பல மாதம் வேலை பார்த்த ஆபரேட்டர், எண்ணைப் படிக்காமலேயே கோடு நிற்கும் உயரத்தை வைத்து ஆலையின் நிலையைச் சொல்வார். ஸ்கேல் தினம் மாறினால் அந்தப் பழக்கம் உருவாகவே வழியில்லை.

நிலையான ஸ்கேல் என்றால் டிரான்ஸ்மிட்டரின் முழு ரேஞ்சை அப்படியே போடுவதும் தவறு. 10.5 கிலோ அழுத்தத்தில் ஓடும் பாய்லருக்கு 0–16 கிலோ டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது என்று வையுங்கள். 400 பிக்சல் உயரத் திரையில் 0.3 கிலோ வீழ்ச்சி எட்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும். யார் கண்ணிலும் படாது. அதே திரையை 9–12 கிலோ என்று வைத்தால் அது 40 பிக்சல். ஓடும் அளவின் இருபுறமும் அலாரம் எல்லையைத் தாண்டிச் சற்று இடம் விட்டு ஸ்கேல் அமையுங்கள். அலாரம் எல்லைகளை மெல்லிய கோடாக வரைந்துவிடுங்கள். ஸ்டார்ட்-அப்பில் எல்லாமே பூஜ்யத்திலிருந்து கிளம்புவதால், அதற்கு முழு ரேஞ்சில் தனி ட்ரெண்ட் பக்கம் ஒன்று வேண்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் சமாளிக்க முயல்வதால்தான் பலரும் தானியங்கி ஸ்கேலுக்குப் போய்விடுகிறார்கள்.

எதைச் சேமிப்பது, எப்படி?

இங்கே எடுக்கும் முடிவைப் பிறகு திருத்த முடியாது. ஸ்கேலை நாளைக்கு மாற்றலாம். பதிவாகாத தரவை யாராலும் மீட்க முடியாது.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து தொடங்கிச் சுமார் பத்து மணி நேரத்துக்குப் பிறகு, பிற்பகல் 1.50 மணிக்கு, கன்டெய்ன்மென்ட் கட்டடத்தின் அழுத்தத்தைப் பதியும் ஸ்ட்ரிப் சார்ட்டில் ஒரு கூர்மையான முள் விழுந்தது. சுமார் 28 பிஎஸ்ஐ உயரம். மின்கோளாறாக இருக்கும் என்று அப்போது ஒதுக்கினார்கள். உள்ளே ஹைட்ரஜன் எரிந்ததன் அடையாளம் அது என்பது பிறகுதான் உறைத்தது. மை பேனாவும் காகிதமும் இருந்ததால் அந்த முள் தப்பித்தது. ஒரு நிமிடச் சராசரியைச் சேமிக்கும் இன்றைய ஸ்காடாவாக இருந்திருந்தால், சில நொடியே நீடித்த அந்த முள் சின்ன மேடாகக் கரைந்து போயிருக்கும்.

சேமிப்பில் உங்கள் முன்னால் உள்ள வழிகள் மூன்று.

குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்து வைப்பது முதல் வழி. எளிமையானது, எல்லாருக்கும் புரியும். ஆபத்து இடைவெளியில் இருக்கிறது. 12 நொடிக்கு ஒருமுறை அலையும் ஃப்ளோவை 10 நொடிக்கு ஒருமுறை எடுத்தால், ட்ரெண்டில் 60 நொடி நீளமுள்ள நிதானமான அலை தெரியும். அப்படி ஓர் அலை ஆலையில் இல்லவே இல்லை. அதைத் துரத்திக்கொண்டு போகிறவர் தவறான இடத்தில் தேடுவார். அழுத்தம், ஃப்ளோ ஆகியவற்றுக்கு ஒரு நொடியும், வெப்பநிலைக்கு ஐந்து பத்து நொடியும் வைத்தால் பெரும்பாலான ஆலைகளுக்கு ஒத்துவரும்.

மாறும்போது மட்டும் பதிவது இரண்டாவது வழி. மாற்றம் டெட்பேண்ட் என்ற குறைந்தபட்ச அளவைத் தாண்டினால்தான் பதிவாகும். இடம் மிச்சம். ஆனால் டெட்பேண்டை 1 சதவீதம் என்று போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். 0–600 டிகிரி உலையில் 1 சதவீதம் என்றால் 6 டிகிரி. உலை ஐந்து டிகிரி நகர்ந்தாலும் கோடு அசையாது. டெட்பேண்ட், சிக்னலில் இயல்பாக உள்ள இரைச்சலைவிடச் சற்று மேலே இருந்தால் போதும். இன்னொரு சிக்கலும் உண்டு. பத்து மணிக்கு ஒரு மதிப்பு பதிவாகிறது. பிறகு இரண்டு மணி நேரம் மாற்றமே இல்லை. பன்னிரண்டு மணிக்குச் சட்டென்று ஒரு தாவல். இரண்டு புள்ளியையும் சாய்கோட்டால் இணைத்தால், இரண்டு மணி நேரமாக மெல்ல ஏறியதுபோல் தெரியும். நல்ல மென்பொருள்கள் தாவலுக்கு முந்தைய மதிப்பையும் சேர்த்தே பதிகின்றன. உங்களுடையது அப்படிச் செய்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவது வழி, சரிவை வைத்துச் சுருக்குவது. ஃபாக்ஸ்போரோ நிறுவனத்தின் எட்கர் பிரிஸ்டல் உருவாக்கிய ‘ஸ்விங்கிங் டோர்’ முறை இன்றும் பெரிய ஹிஸ்டோரியன்களில் (நீண்ட காலத் தரவைச் சேமிக்கும் மென்பொருள்களில்) புழங்குகிறது. கோடு ஒரே சரிவில் போகும்வரை நடுப்புள்ளிகளை விட்டுவிட்டு, சரிவு மாறும் இடத்தில் மட்டும் பதியும். சரியான டாலரன்ஸில் அமைத்தால் படத்தின் வடிவம் கெடாமல் இடம் வெகுவாகக் குறையும். நீண்ட காலச் சேமிப்புக்கு என் முதல் விருப்பம் இதுதான். ஆனால் லூப்பின் அலைவை ஆராய அந்தச் சுருக்கிய தரவைப் பயன்படுத்தக் கூடாது. சுருக்கும்போது முதலில் போவது அலைவின் நுணுக்கம்.

இடத்துக்குப் பயந்து தரவைக் குறைக்கும் முன் ஒரு கணக்கைப் போடுங்கள். 1,000 டேக், நொடிக்கு ஒருமுறை, ஒவ்வொன்றுக்கும் 16 பைட்: நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி, ஆண்டுக்கு சுமார் 500 ஜிபி. அந்த அளவு டிஸ்க், ஒரு டிரிப்பினால் ஆகும் நஷ்டத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சராசரிதான் சேமிக்க முடியும் என்ற கட்டாயம் வந்தால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் சேர்த்துச் சேமியுங்கள். முள் தொலைந்து போகாது.

“எது முதலில் டிரிப் ஆனது?” என்ற கேள்விக்கு ஒரு நொடி ட்ரெண்டும் போதாது. ரிலேக்கள் மில்லிசெகண்டில் விழுகின்றன. மின் நிலையங்களில் அதற்கென்றே மில்லிசெகண்ட் நேரக்குறியோடு பதியும் சீக்வென்ஸ்-ஆஃப்-ஈவென்ட்ஸ் ரெக்கார்டர் இருக்கும். உங்கள் ஆலையில் அந்தக் கேள்வி அடிக்கடி எழுந்தால் ட்ரெண்டை வேகப்படுத்தப் பார்க்காதீர்கள். அந்தக் கருவியை வாங்குங்கள். எல்லா பிஎல்சியும் சர்வரும் ஒரே கடிகாரத்தோடு ஒத்திசைந்து இருப்பது இரண்டுக்குமே அவசியம். கடிகாரம் இரண்டு நொடி பிசகினால் காரணம் விளைவாகவும் விளைவு காரணமாகவும் தெரியும்.

நேர்கோட்டை நம்பலாமா?

படுத்துக்கிடக்கும் நேர்கோட்டுக்கு இரண்டு அர்த்தம் உண்டு: ப்ராசஸ் அமைதியாக இருக்கிறது, அல்லது சிக்னல் செத்துவிட்டது. மாறும்போது மட்டும் பதியும் முறையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். தகவல் தொடர்பு அறுந்தால் கோடும் அறுந்து இடைவெளி தெரிய வேண்டும். கடைசி மதிப்பையே இழுத்துக்கொண்டு போகும் மென்பொருளோ, அறுந்த இரண்டு முனையையும் அழகாக இணைத்துவிடும் மென்பொருளோ ஆபரேட்டரை ஏமாற்றுகிறது. மதிப்போடு அதன் தரக்குறியையும் சேமித்து, சந்தேகத்துக்குரிய பகுதியை வேறு பாணிக் கோடாகக் காட்டும் ட்ரெண்டைத் தேர்ந்தெடுங்கள். பம்ப் ஆன்/ஆஃப், வால்வ் நிலை, செட்பாயிண்ட் ஆகியவற்றைப் படிக்கட்டு வடிவில் வரையச் சொல்லுங்கள். சாய்கோடு போட்டால் பம்ப் பாதி ஓடியதாகத் தெரியும்.

ரெக்கார்டரைத் தூக்கிவிடலாமா?

ஸ்காடா வந்த பிறகு பேனலில் உள்ள ரெக்கார்டர் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். பால் பதப்படுத்தும் இடத்தில் பாஸ்சுரைசர் 72 டிகிரியில் 15 நொடி பாலை வைத்திருந்ததற்கான ஆதாரம் ரெக்கார்டரின் பதிவு. சர்வர் நின்றாலும், நெட்வொர்க் விழுந்தாலும், தனி மின் இணைப்பில் உள்ள பேப்பர்லெஸ் ரெக்கார்டர் பதிந்துகொண்டே இருக்கும். சட்டத்துக்கோ வாடிக்கையாளருக்கோ காட்ட வேண்டிய ஒன்றிரண்டு டேக்குகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு மருந்து அனுப்பும் ஆலைகளுக்கு 21 சிஎஃப்ஆர் பகுதி 11 விதிகள் பொருந்தும். பதிவைத் திருத்தினாலும் பழையது மறையாமல் இருப்பதும், யார் எப்போது என்ன மாற்றினார் என்ற தடமும் அங்கே கட்டாயம். அதைத் தரும் ரெக்கார்டரோ ஹிஸ்டோரியனோ எதுவானாலும் சரி. சாதாரண ஸ்காடா லாக் ஃபைல் போதாது. தனி ஹிஸ்டோரியன் சர்வர், பல ஸ்காடாக்கள் ஒரே ஆலையில் இருக்கும்போதும், ஐந்தாறு ஆண்டுத் தரவைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்கும்போதும் காசுக்குத் தகும். நூறு இருநூறு டேக் உள்ள சிறிய ஆலைக்கு ஸ்காடாவின் சொந்தப் பதிவே போதும், அதை ஒழுங்காக பேக்கப் எடுத்தால்.

இன்னொரு சிறிய தேர்வு: மிமிக்கில் எண்ணுக்குப் பக்கத்திலேயே பதிக்கும் குட்டி ட்ரெண்ட். கன்ட்ரோல் ரூம் திரைகளுக்கான ஐஎஸ்ஏ-101 தரநிலை 2015-இல் வந்த பிறகு இது பரவலாகியிருக்கிறது. முக்கியமான ஐந்தாறு அளவுகளுக்கு மட்டும், ஒரு மணி நேர அகலத்தில், மேல்நிலைத் திரையில் வையுங்கள். எல்லா எண்ணுக்கும் வைத்தால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

ட்ரெண்டின் தரத்தை பிரோஷரில் பார்க்க முடியாது. சிஸ்டத்தை ஒப்படைக்கும் முன் இன்டெக்ரேட்டரின் அலுவலகத்தில் நடக்கும் ஏற்புச் சோதனையில், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவற்றைச் செய்யச் சொல்லுங்கள். லூப் கேலிப்ரேட்டரால் ஒரு அனலாக் இன்புட்டில் மூன்று நொடிக்கு மட்டும் சிக்னலை ஏற்றி இறக்குங்கள். பிறகு ட்ரெண்டை 30 நாள் அகலத்துக்குத் தள்ளி வைத்து, அந்த முள் இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால், பெரிய அகலத்தில் மென்பொருள் சராசரியையோ இடைவெளிவிட்ட புள்ளிகளையோ காட்டுகிறது என்று அர்த்தம். குறைந்தபட்ச–அதிகபட்ச முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அடுத்து பிஎல்சியின் நெட்வொர்க் கேபிளை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள். கோட்டில் இடைவெளி தெரிய வேண்டும். ஆபரேட்டர் லாகினில் நுழைந்து ஸ்கேலைக் குழப்பிவிட்டு, ஒரே பட்டனில் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, அந்தச் சோதனைக்கு நைட் ஷிப்ட் ஆபரேட்டர் ஒருவரை அழைத்துப் போங்கள். டிரிப் ஆன இரவின் பழைய ட்ரெண்ட் ஒன்றைக் கொடுத்து, எந்தெந்த பென் பக்கத்தில் இருந்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பட்டியலை, மாற்றாமல், முதல் ட்ரெண்ட் பக்கமாக அமைத்துவிடுங்கள்.